கிளாரிஸைக் கேட்டு வந்தவர்கள்

பிள்ளைகள், போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்க வெம்பிளிக்கு வந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அன்ரி, இந்த வேலையிலை அப்பிடி என்ன கஷ்டம் இருக்கு? கூட்டுறது, துடைக்கிறது, சமைக்கிறது. இதெல்லாம் ஜெர்மனியிலையும் செய்தனாங்கள்தானே?"

நான் சிரித்துப்போட்டு இருந்துவிட்டேன். மருமகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு விருப்பமில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதுதான் இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள். என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.

கூட்டுகிறது கஷ்டமில்லை. கதவு திறக்கிறதுதான் கஷ்டம்.

அப்டன் பார்க்கில் நீங்கள் இப்போது வேலை செய்கிற அதே விடுதியில் நான் பத்தொன்பது வருசம் இருந்தேன். பந்தயத்தில் ஓடுகிறவர்கள், பாய்கிறவர்கள் வெளிநாடுகளில் இருந்து லண்டனுக்குப் பயிற்சி எடுக்க வந்தால் தங்குகிற வீடு அது. ஒன்பது அறை, ஒரு குசினி, ஒரு முன்கதவு. எனக்கு முதல் அந்த வீட்டைப் பார்த்தது ஒரு ஐரிஷ் மனுசி. பேர் எழுதமாட்டேன், உயிரோடு இருந்தால் ஏசுவா. முதல் நாள் அவ என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. முன்கதவடியில் நிப்பாட்டி, விரலை நீட்டிச் சொன்னா:

"இந்தக் கதவைத் தட்டுற ஒருத்தருக்கும் நீ பதில் சொல்லாதை. பதில் மேல நித்திரை கொள்ளுது. ஏறிப் போய் அதை எழுப்பு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கதவு திறக்க எனக்குப் பழக்குகிறாவோ இவ? இவ கனவிலும் காணாத ஆட்களுக்கெல்லாம் கதவு திறந்தவள் நான். அப்படித்தான் நினைத்தேன். "யெஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, அவ சொன்னதை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். இரண்டு வருசத்தில் அவ ஓய்வு எடுத்துக்கொண்டு போய்விட்டா. வீடு என் கைக்கு வந்தது.

கிளாரிஸ் பிறகு வந்தவள். அது அவளின் சொந்தப் பேர் இல்லை, இந்தக் கடிதத்துக்கு வைத்த பேர். கரீபியன் கடலில் ஒரு தீவு. படத்தில் காட்டினாள், என் சுண்டுவிரல் நகத்தை வைத்தேன், தீவைக் காணவில்லை. பதினாறு வயதில், ஆரோ போட்டுக் கழித்த சப்பாத்தோடு ஓட வெளிக்கிட்டவள். இருநூறு மீற்றர். தன் தீவின் கொடியைத் தூக்கிக்கொண்டு எத்தனை தேசம் போனாள் என்று அவளுக்கே கணக்கில்லை. மூன்று முறை உலகத்தின் பெரிய பந்தயங்களில் கடைசி எட்டுப் பேரில் ஒருத்தியாக நின்றவள். மூன்று முறையும் நாலாவது.

எங்கள் இரண்டு பேரின் இங்கிலீஷும் இரண்டு ஊர் இங்கிலீஷ். அவள் சொன்னது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன். என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள். அவர்களின் ஊரிலும் வயது போன பெண்களை அப்படித்தானாம்.

"நாலாவதா வாற ஆளுக்கு என்ன குடுப்பினம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு துவாய் குடுப்பினம் அன்ரி."

"மெய்யோ?"

"ஓம். முகம் துடைக்க. எட்டாவது ஆளுக்கும் அதே துவாய்தான்."

அவளிடம் மூன்று துவாய் இருந்தது. மூன்றையும் குசினிக்கு எடுத்துத் தந்தாள், நான் சட்டி துடைத்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துடைக்கச் சொன்னது அவள்தான்.

நான் சொல்லுகிற அந்த வருசம் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. காலில் ஊசி போடாத இடமில்லை. அந்தக் கோடையில் வருகிற பந்தயம்தான் கடைசி என்று எல்லாருக்கும் தெரியும். அவளின் தீவுக்கு அதுவரை ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை. "முதலாவது வேண்டாம் அன்ரி. மூண்டாவது காணும். ஒரேயொரு ஆளைத்தான் நான் பிடிக்கவேணும்," என்பாள். இரவில் படுக்கப் போகும்போது படியில் மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போவாள். நானும் மூன்று விரலைக் காட்டுவேன்.

அந்த மாசியில் அவளுக்குத் தடிமன் பிடித்து மூக்கால் ஓடியது. மல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி போட்டு நல்ல குடிநீர் அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணந்து பார்த்தாள்.

"இதிலை என்ன இருக்கு?"

"மருந்து. குடி."

"கோச்சைக் கேக்கவேணும்."

கோச் வந்து, போனில் ஒரு பட்டியலைத் திறந்து, திப்பிலிக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியுமோ? அரைமணித்தியாலம் தேடினார். குடிநீர் ஆறிப்போனது. நான் அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே அதைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினேன். மூன்று நாள் அவளுக்குப் பாணும் பட்டரும்தான். என் கையால் அவித்ததைக் குடிக்கமாட்டாயோ, சரி, இரு.

நாலாம் நாள் அவள் குசினிக்குள் வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் எனக்கு விளங்கப்படுத்தினாள். அவர்களின் சலத்தை, மூத்திரத்தைத்தான், எடுத்துப் பரிசோதிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கூடாத மருந்து ஏதும் சலத்தில் கண்டால், அன்பாகக் கொடுத்தது ஆர் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். ஓடுகிறவள்தான் குற்றவாளி. இன்னுமொன்றும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணித்தியாலம் எந்த விலாசத்தில் இருப்பாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். அவள் கொடுத்திருந்தது காலை ஆறு தொடங்கி ஏழு மட்டும், எங்கள் விடுதி விலாசம். சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அந்த நேரம் ஆள் இல்லையென்றால் ஒரு குறி. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று குறி விழுந்தால் ஓடத் தடை.

"உனக்கு எத்தினை?" என்று கேட்டேன்.

இரண்டு விரலைக் காட்டினாள். ஒருமுறை பிளேன் பிந்தியதாம். ஒருமுறை அவள் தங்கியிருந்த வேறொரு நாட்டு வீட்டில் மணி வேலை செய்யவில்லையாம்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வழக்கமாகச் சலம் எடுக்க வருகிறது ஒரு பெருத்த வெள்ளைக்கார மனுசி, நீலப் பையோடு. நான் அவவுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். சலக்காரி என்று பேர் வைத்திருந்தேன். கிளாரிஸ் அந்தச் சொல்லைப் பாடமாக்கி வைத்திருந்தாள். மேலே இருந்து, "அன்ரி, சலக்காரி வந்திட்டாவோ?" என்று கத்துவாள். அந்த மனுசி என்ன அர்த்தம் என்று கேட்டா. மகாராணி என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவவும் வாசலில் நின்று, "சலக்காரி வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவா.

சரி. அந்தக் காலை.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் கிரீன் ஸ்ட்ரீட்டில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடையில் இமிக்கிரேசன்காரர் புகுந்து இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள். நான் அப்போது கடைக்குள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். கறுப்புச் சட்டை, கழுத்தில் அட்டை, மரியாதையான கதை. கிளாரிஸின் விசா புதுப்பிக்கிற கடதாசி கந்தோரில் கிடந்து இழுபடுகிறது என்றும் எனக்குத் தெரியும். இந்த இரண்டும் என் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அவள் அதற்கு முதல் நாள்தான் வேறொரு நாட்டில் ஓடிவிட்டு வந்து படுத்தவள். பின்பக்கத்து மேலறை, ரயில் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. நித்திரைக்குப் போகும்போது போன் கூடாது என்பது கோச்சின் சட்டம். அதனால் அவளின் போன் குசினி மேசையில் கிடந்தது. ஆரும் வந்தால் நான் ஏறிப் போய் எழுப்புவேன் என்று நம்பித்தான் படுத்தவள்.

ஆறு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. திறந்தேன். ஒரு ஆணும் ஒரு பெண்ணும், புது ஆட்கள். கறுப்புச் சட்டை. கழுத்தில் அட்டை. அந்தப் பெண் அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கெதியாக ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கியது கிளாரிஸின் முழுப்பேர் மட்டும்தான். பேரைச் சொல்லி, "இருக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன்.

என் வாய் சொல்லவில்லை, பிள்ளைகள். வாய்க்கு முதல் என் உடம்பு சொல்லிவிட்டது. கதவை நான் பாதிக்கு மேல் திறக்கவும் இல்லை.

"இங்கதான் இருக்கிறாவோ?"

"இல்லை. போயிட்டா."

"எப்ப வருவா?"

"தெரியாது."

கதவைச் சாத்தினேன். முன்னறைத் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். ரோட்டுக்கு மற்றப் பக்கம் காருக்குள் ஏறி இருந்தார்கள். போகவில்லை. இருக்கட்டும், எவ்வளவு நேரம் இருப்பினம் என்று பார்ப்பம் என்று நான் தேத்தண்ணி போட்டேன். கொஞ்சத்தால் திரும்பவும் மணி அடித்தது. திறக்கவில்லை. தட்டினார்கள். திறக்கவில்லை. ஏழு மணிக்குக் கிட்ட மேசையில் அவளின் போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். பிள்ளை எழும்பிவிடுவாள் என்று அதைத் துவாயால் சுற்றினேன். அந்த நாலாவது இடத்துத் துவாயால்தான்.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமோ? இந்த முறை காப்பாற்றிப்போட்டேன் என்று. பெருமையாக இருந்தது. வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமையாக ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை.

ஏழு மணிக்குக் கிளாரிஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அன்ரி, ஆரும் வந்தவையோ?"

"வந்தவை. நான் அனுப்பிப்போட்டன். நீ இல்லை எண்டு சொல்லிப்போட்டன்," என்று சிரித்தேன்.

அவளும் முதலில் சிரித்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் துவாய் சுற்றிக் கிடந்த போனைப் பார்த்தாள். கதவைத் திறந்து வெளியே பாய்ந்தாள். அந்தக் கார் அப்போதுதான் வெளிக்கிட்டு ரோட்டின் முடிவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருசம் ஓட்டக்காரருக்குச் சமைத்தவள் நான். ஒருநாளும் மைதானத்துக்குப் போனதில்லை. ஒருத்தரும் ஓடி என் கண்ணால் நேரே கண்டதில்லை. அன்றைக்குத்தான் கண்டேன். இரவுச் சட்டையோடு, வெறுங்காலோடு, குப்பை வாளிகளுக்கு நடுவில் அவள் ஓடினாள். அப்படி ஒரு ஓட்டத்தை எழுத எனக்குப் படிப்புக் காணாது. கால் நிலத்தில் பட்ட சத்தமே இல்லை. காருக்குக் கிட்ட, கையை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குப் போய்விட்டாள். மூலையில் கார் திரும்பிவிட்டது.

திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடித் துண்டு ஒன்று குதிக்காலில் ஏறியிருந்தது. நான் ஊசியால் எடுத்தேன். காலை மட்டும் என் மடியில் தந்தாள்.

மூன்றாவது குறி.

விசாரணை ஒரு பெரிய கட்டடத்தில் நடந்தது. மூன்று பேர் ஒரு மேசையில். கிளாரிஸின் வக்கீல் என்னிடம் முதலே சொல்லியிருந்தார்: "ஏன் இல்லை எண்டு சொன்னனீங்கள் எண்டதுதான் கேள்வி. தெரியாது எண்டு சொன்னால் காணாது." மொழிபெயர்க்க ஒரு மெட்ராஸ் தம்பி வந்திருந்தார். "பயப்படாதீங்கம்மா, மெதுவா சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்," என்றார்.

நான் சொன்னேன். நாற்பது வருசமாக ஒருத்தருக்கும், பெற்ற மகனுக்கும், சொல்லாததைச் சொன்னேன்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் காலை நாலு பேர் வந்தார்கள். மரியாதையாக, "அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டார்கள். நான், "ஓம், கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிக்கிறார், இருங்கோ" என்று சொல்லிக் கதிரையும் எடுத்துப் போட்டேன். அண்ணை ஈரத் தலையோடு வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனார். அவ்வளவுதான். அம்மா சாகும்வரை அந்தக் கதிரையில் ஒருத்தரையும் இருக்க விடவில்லை. என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அன்றிலிருந்து ஆர் வந்து ஆரைக் கேட்டாலும் நான் இல்லை என்றுதான் சொல்லுவேன்.

மெட்ராஸ் தம்பி பாதியில் நிப்பாட்டினார். தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார். மேசையில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "வந்ததற்கு நன்றி" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. மனமாகத்தான் சொன்னா.

அடுத்த கிழமை முடிவு வந்தது. இரண்டு வருசத் தடை. அந்த விலாசத்தில், அந்த நேரத்தில், தன்னைக் காணக்கூடியதாக வைத்திருப்பது ஓட்டக்காரியின் பொறுப்பு. கதவு திறந்தவளின் கதையை அவர்கள் நம்பினார்கள் என்றும் எழுதியிருந்ததாம். நம்பினார்கள். அதனால் ஒன்றும் மாறவில்லை. என்னிடம் இருந்த கடைசிச் சாமானையும் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தேன். அதற்கு ஒரு நாள் கூடக் குறைக்கவில்லை.

முப்பத்து மூன்றுக்கு மேலே இரண்டு வருசம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்த அன்று, படியில் வைத்துக் கிளாரிஸ் கேட்டாள்: "அன்ரி, உங்கட அண்ணைக்கு என்ன பேர்?"

சொன்னேன். சரியாக வரும்வரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ரயிலில் அப்டன் பார்க் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். அவள் என்னை ஏசியிருக்கலாம். அம்மாவும் ஏசவில்லை, இவளும் ஏசவில்லை. முடிவு வந்த கிழமையே அறையைக் காலி பண்ணிக்கொண்டு போனாள். படியில் இறங்கும்போது விரல் ஒன்றும் காட்டவில்லை.

அந்தக் கோடையில் அந்தப் பந்தயத்தைக் குசினி டீவியில் பார்த்தேன். மூன்றாவதாக வந்தவளை நான் பார்க்கவில்லை. நாலாவதாக வந்தவள் துவாயை வாங்கி முகத்தை மூடினாள். நான் டீவியை நிப்பாட்டிவிட்டேன்.

உங்களுக்குப் படிப்பினை வேண்டுமென்றால் அது அந்த ஐரிஷ் மனுசி முதல் நாளே சொன்னதுதான். ஓம் என்றும் சொல்லவேண்டாம், இல்லை என்றும் சொல்லவேண்டாம். "நில்லுங்கோ, கேட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியேறுங்கள். வாசலில் நிற்கிறவன் ஆராக இருந்தாலும் சரி. அன்பாலும் பதில் சொல்லக்கூடாது, பயத்தாலும் பதில் சொல்லக்கூடாது. என் அண்ணைக்கு இது உதவியிருக்குமோ என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கிணற்றடிக்குப் போய், "அண்ணை, ஆரோ வந்திருக்கினம்" என்று சொல்லியிருந்தால் பின்வேலியால் போயிருப்பாரோ, என்னவோ. தெரியாது.

மருமகளுக்கு முன்னால் ஏன் கதைக்கவில்லை என்று சொல்லவேண்டும்.

இந்த வைகாசியில் ஒருநாள் பின்னேரம் நான் மேலறையில் கட்டிலில் சரிந்து கிடந்தேன். மணி அடித்தது. மருமகள் திறந்தாள். ஏதோ கேட்ட சத்தம், பெண்குரல். மருமகள், "நோ, நொட் ஹியர்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"ஆர் பிள்ளை?" என்று மேலே இருந்து கேட்டேன்.

"ஆரோ தெரியாது மாமி. நல்ல உயரமான கறுப்புப் பொம்பிளை. அன்ரி இருக்கிறாவோ எண்டு கேட்டவ. இல்லை எண்டு சொல்லி விட்டிட்டன். நீங்கள்தானே அப்பிடிச் சொல்லச் சொன்னனீங்கள்."

ஓம். இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த முதல் கிழமையே நான்தான் பழக்கினேன். ஆர் வந்து ஆரைக் கேட்டாலும் இல்லை. அவ்வளவும் நடந்த பிறகும், இந்த வீட்டில் அந்தச் சட்டத்தை நான் மாற்றவில்லை.

முழங்கால் மடங்காது எனக்கு. கம்பியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பதின்மூன்று படியும் இறங்கி, கதவைத் திறந்து, செருப்பும் இல்லாமல் ரோட்டுக்குப் போனேன். மூலைவரைக்கும் ரோட்டில் ஒருத்தரும் இல்லை. எனக்கு ஓடத் தெரியாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவளின் உண்மையான பேரை. இரண்டு வீட்டுத் திரை விலகியது. பஸ் ஒன்று போனது.

மருமகள் பின்னால் வந்து கையைப் பிடித்தாள். "தெரிஞ்ச ஆளோ மாமி?"

"இல்லை," என்று சொன்னேன்.